சம்பந்திகளுடன் பதின்மூன்று கிலோமீட்டர்

மே 19, திங்கள்

டாக்டர் இரத்த அழுத்தம் எழுதிவைக்கச் சொன்ன கொப்பி இது. காலை 151க்கு 94. எழுதியாயிற்று. ஒரு பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அழுத்தம் ஏறின காரணத்தையும் எழுதுகிறேன்.

காரணத்தின் பெயர் சுலக்ஷன். எங்கள் ஒரே மகன். வயது இருபத்தொன்பது. ஜெர்மனியின் தெற்குப் பக்கம், வால்டோர்ஃபில் மென்பொருள் எழுதுகிறான். நேற்று மத்தியானம் தொலைபேசி எடுத்து, "அம்மா, சுகன்யாவின்ர அப்பாவும் அம்மாவும் திருச்சியில இருந்து வந்து நிக்கினம். உங்களைச் சந்திக்க வேணுமாம்" என்றான்.

"சுகன்யா ஆர்?" என்று கேட்டேன்.

"நான் சொல்லேல்லையோ?" என்றான்.

இரண்டு வருடப் பழக்கமாம். ஹைடல்பெர்க்கில் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளையாம். முழுப்பெயர் சுகன்யாதேவி. தகப்பன் வங்கி மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். ஐயங்கார் ஆட்கள். ஜூன் 24 திரும்பிப் போகிறார்கள். அதற்குள் எங்களைக் கண்டு கதைத்து ஒரு முடிவு தெரிய வேண்டுமாம்.

இவர் (என் கணவர் சிறீதரன்) எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழும்பி பல்கனிக்குப் போய்த் தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். வெளியே நல்ல மழை.

மே 21, புதன்

இவர் இன்னும் வாய் திறக்கவில்லை. தக்காளி அழுகப்போகிறது.

மே 22, வியாழன்

திறந்தார். "இந்தியாப் பிள்ளை எண்டதும் இல்லை, ஐயங்கார் எண்டதும் இல்லை, பிரபா. ஊருலகத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டு எங்களுக்குக் கடைசியாச் சொல்லியிருக்கிறான். அதுதான்."

எனக்கும் அதுதான். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்தால் வீட்டில் ஆர் சமைக்கிறது?

மே 25, ஞாயிறு

எங்கே சந்திக்கிறது என்பதில் ஒரு கிழமை போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கு வர அவர்கள் தயார். மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது முறையாம். இவர் மாட்டேன் என்கிறார். "வீட்டுக்கு விட்டால் சம்மதம் எண்டு அர்த்தமாப் போயிடும்." சாப்பாட்டுக் கடையில் சந்திக்கலாம் என்றால் அவர்கள் வெளியே சாப்பிடுவதில்லை. கோயிலில் என்றால், எங்கள் பீலெஃபெல்டில் ஒரு ஆள் பார்த்தாலே போதும், நாங்கள் வீட்டுக்கு வந்து சேர முன்னம் பரிஸில் இருக்கிற மச்சாளுக்குக் கலியாணத் தேதி தெரிந்துவிடும்.

கடைசியில் சுகன்யா ஒரு வழி சொல்லியிருக்கிறாள். தகப்பனுக்கு நடந்தால்தான் பேச்சு வருமாம். ஆகவே ஜூன் 14 சனிக்கிழமை எல்லாருமாகக் கறுப்புக் காட்டுப் பக்கம் போய், வூட்டாக் என்கிற ஆறு மலையைப் பிளந்து ஓடுகிற பள்ளத்தாக்கில் நடப்பது. இயற்கைக் காப்பிடமாம். பூப் பறிக்கக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது.

இவர் கொஞ்சம் யோசித்தார். "காட்டுக்குள்ள எங்கட சனம் ஒண்டும் வராது" என்றார். சம்மதித்துவிட்டார்.

மே 27, செவ்வாய்

பதின்மூன்று கிலோமீட்டராம். சுலக்ஷன் அதை முந்தநாள் இரவுதான் சொன்னான். இவனுக்கு எல்லாவற்றையும் கடைசியாகச் சொல்வதே பழக்கமாகிவிட்டது.

நேற்று வேலையில் றீற்றாவிடம் சொன்னேன். முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு பதினொரு வருடமாக நிற்கிறவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலை ஏறுகிறவள். நான் போட்டிருந்த செருப்பை ஒரு தரம் பார்த்தாள். இன்றைக்கே தன் பழைய மலைச் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தாள். ஒரு சப்பாத்தில் ஒரு கிலோ இருக்கும். ஒரு அளவு பெரிது. இரண்டு சோடி காலுறை போடச் சொன்னாள்.

ஜூன் 1, ஞாயிறு

இன்றைக்கு வீடியோ அழைப்பில் முதல் அறிமுகம். சுகன்யாவின் தகப்பன் சேஷாத்ரி அண்ணை வெள்ளை மீசை, நெற்றியில் சின்னக் கோடு, சத்தம் போடாமல் கதைக்கிற மனுசன். மனைவி வேதவல்லி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவ. என்னை "மாமி" என்று கூப்பிட்டா. என்னைவிட ஐந்து வயதாவது கூட. பொறுத்துக்கொண்டேன்.

அவர் கேட்டார்: "சார் எதுல இருக்கேள்?"

இவர் சொன்னார்: "போக்குவரத்தில."

"ஓஹோ, டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்."

இவர் திருத்தவில்லை. தொண்டையைச் செருமிவிட்டுக் காலநிலை பற்றிக் கேட்டார்.

அழைப்பு முடிந்ததும் நான் கேட்டேன்: "ஏன், பஸ் ஓடுறன் எண்டு சொல்ல வாயில்லையோ?" இருபத்தெட்டு வருடம் இந்த நகரத்து பஸ் ஓடுகிறவர். தனக்குத் தெரியாத சந்து ஒழுங்கை இந்த ஊரில் இல்லை என்று வருகிற விருந்தாளி எல்லாருக்கும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்.

"அவர் மனேஜர்" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி. வால்டோர்ஃப்

சுலக்ஷன் வீட்டில் நிற்கிறோம். சாயந்தரம் அவர்கள் வந்துவிட்டுப் போனார்கள்.

சுகன்யா நல்ல பிள்ளை. மெல்லிசு, கண்ணாடி, நான் ஊற்றின தேத்தண்ணியை முழுக்கக் குடித்தாள். அவள் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது சுலக்ஷனின் சப்பாத்தையும் சேர்த்து நேராக்கி வைத்ததைப் பார்த்தேன். இதை இவருக்குச் சொல்லவில்லை.

நாங்கள் படம் பார்த்து வளர்ந்தவர்கள், அவர்கள் கதைக்கிறது எங்களுக்கு விளங்கும். எங்கள் கதை அவர்களுக்கு எட்டுவதுதான் சிரமம். சேஷாத்ரி அண்ணை என்ன கேட்டாலும் இவர் "ஓம்" என்றார். ஒவ்வொரு ஓமுக்கும் அந்த மனுசன் மிச்ச மந்திரம் வரும் என்று மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக் காத்திருந்தார். ஆறாவது ஓமில் சுகன்யா, "அப்பா, அப்படின்னா ஆமாம்னு அர்த்தம்" என்றாள். ஆனால் ஒரு விஷயம். வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். அதைக் கேட்க எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அண்ணை நாளைய நடைக்கு வரைபடம், வழி விவரம் என்று ஒன்பது பக்கம் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சள் பேனையால் கோடு இழுத்துக் கொண்டுவந்திருந்தார். இவர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "பலகை பார்த்துப் போகத் தெரியாதோ?"

கலியாணக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாம் நாளைக்கு.

ஜூன் 15, ஞாயிறு. வால்டோர்ஃப், பகல் பதினொன்று

கட்டிலில் இருந்து எழுதுகிறேன். கால் இரண்டும் என்னுடையவை இல்லை.

நேற்றை ஒழுங்காக எழுத வேண்டும், விட்டால் இவர் தன் பாட்டுக்கு மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

சுலக்ஷன் ஏழு பேர் இருக்கிற வான் ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தான். நடை முடிகிற இடத்தில், வூட்டாக்மியூல என்கிற பழைய ஆலையடியில் (மியூல என்றால் ஆலை), அதை விட்டோம். அங்கிருந்து நடைகாரருக்கென்று ஓடுகிற பஸ் எங்களைத் தொடங்குகிற இடத்துக்குக் கொண்டுபோகும். அங்கேதான் முதல் பிழை நடந்தது. ஒரு பஸ்சுக்குள் இவரைப் பயணியாக ஏற்றினது.

மலைப் பாதை, பாம்பு மாதிரி வளைவு. சாரதி ஒரு இளம் பொடியன், நல்ல உசார். முதல் வளைவிலேயே இவருடைய வலது கால் எழும்பித் தரையை மிதித்தது. இரண்டாவது வளைவில் இன்னும் பலமாக மிதித்தது. கையும் தன் பாட்டுக்கு ஒரு பெரிய வளையத்தைத் திருப்பியது. நான் சப்பாத்தால் இவருடைய காலில் தட்டினேன். ஒரு கிலோ சப்பாத்து. இவருக்கு அதுகூடத் தெரியவில்லை. "கியரைக் குறையடா" என்று பல்லுக்குள் சொன்னார்.

எதிரே இருந்த சேஷாத்ரி அண்ணை இவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பி யன்னலுக்கு வெளியே பார்த்தார். முகம் சாம்பல் நிறம். இறங்கின பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிடிபட்டுவிட்டோம் என்று எனக்கு விளங்கிவிட்டது. மனேஜர் மனுசன், டிபார்ட்மென்ட் அதிகாரி என்று நம்பி வந்தவர், பஸ் சாரதியின் பிரேக் காலைக் கண்டுவிட்டார்.

பாதை தொடங்கின இடத்தில் பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "நாங்க முன்னாடி போறோம், நீங்க நாலு பேரும் பேசிண்டே வாங்கோ" என்று சுகன்யா சொன்னாள். சுலக்ஷன் தண்ணீர்ப் போத்தலையும் என்னுடைய கைப்பையையும் வாங்கிக்கொண்டு ஓடாத குறையாகப் போனான். ஏற்கெனவே பேசி வைத்த வேலை.

நாங்கள் நாலு பேர். பேசவே இல்லை.

இடம் வடிவு, அதைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றங்கரையில் குடை அளவு இலைகள். முன்னால் இவர், அவருக்குப் பின்னால் சேஷாத்ரி அண்ணை, பிறகு நான், கடைசியில் வேதவல்லி அக்கா. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் ஓடுகிற சப்பாத்து, தோளில் சாப்பாட்டுப் பை, கையில் குடை. அவ சின்ன வயதில் சாரணியர் படையில் இருந்தவவாம்.

நான் பின்னால் திரும்பி, "ஆறுதலா வாங்கோ அக்கா" என்றேன்.

அவ நின்றா. "எதுக்கு மாமி ஆறுதல்? யாருக்கு என்ன ஆச்சு?"

மெதுவாக, அவசரப்படாமல் என்று நான் விளங்கப்படுத்தினேன். "பாத்தேளா, நான் பயந்தே போயிட்டேன்" என்று நெஞ்சைத் தடவினா. முன்னால் போன இரண்டு ஆண்களும் ஏதோ செத்தவீட்டுக்குப் போகிற மாதிரி நடக்க, அவ அப்படி நினைத்ததிலும் பிழையில்லை.

மூன்று கிலோமீட்டரில் ஒரு பழைய சிற்றாலயம் வந்தது. அதனருகே இருந்து வடை சாப்பிட்டோம். நான் வெங்காயம் போடாமல் சுட்ட வடை. சேஷாத்ரி அண்ணை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். என் வடையைக்கூட அவரால் தொட முடியவில்லை என்று எனக்குக் கண் கலங்கியது. சரி, போதும் இந்த இருப்பு என்று, "அப்ப வெளிக்கிடுவமோ?" என்று கேட்டேன்.

வேதவல்லி அக்கா சட்டென்று எழும்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய இலைகளுக்குப் பின்னால் போனா. குடையை விரித்து மறைப்பாகப் பிடித்தா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கூச்சப்படாதீங்கோ மாமி, நான் யாரும் வராம பாத்துக்கறேன்" என்றா.

புறப்படுவோமா என்றுதான் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவ்வளவு அன்பாக ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு நிற்கும்போது? சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "முடிஞ்சுது, நன்றி அக்கா" என்று வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கம்பி. பாதை மலைச் சுவரில் ஒட்டி இரண்டடி அகலம். ஒரு பக்கம் பாறையில் அறைந்த இரும்புக் கம்பி, மற்றப் பக்கம் ஒன்றுமில்லை. கீழே, வெகு கீழே, ஆறு. ஆண்கள் போய்விட்டார்கள். நான் கம்பியைப் பிடித்தேன், அவ்வளவுதான். கால் வரவில்லை. ஏலாது. என்னால ஏலாது. பின்னால் ஜெர்மன்காரர் நாலைந்து பேர் பொறுமையாக நிற்கினம், நான் பல்லி மாதிரி சுவரில்.

வேதவல்லி அக்கா எப்படியோ என்னைச் சுற்றி முன்னால் வந்தா. "கீழ பாக்காதீங்கோ. என் முதுகைப் பாருங்கோ. என்ன கலர் ரவிக்கை?"

"பச்சை."

"என்ன பச்சை?" ஒரு அடி வைத்தா. நானும் வைத்தேன்.

"கிளிப்பச்சை."

"இது கிளிப்பச்சையா? நன்னா பாத்துச் சொல்லுங்கோ. ராமர் பச்சை."

"ராமர் நீலமெல்லோ அக்கா?"

"ராமர் நீலம்தான். புடவைக் கடையில ராமர் பச்சை."

"எங்கட கடையில அப்பிடி ஒண்டும் இல்லை. இது கிளிப்பச்சைதான்."

"சரி, கிளி எந்த ஊர்க் கிளி?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் பார்க்காத கிளியோ? பச்சைக்காகச் சண்டை பிடித்து முடிக்கும்போது கம்பியும் முடிந்திருந்தது. பின்னால் வந்த ஜெர்மன்காரி ஒருத்தி கை தட்டினாள்.

பிறகு ஆறு காணாமல் போனது. பொய்யில்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கிப்போய், வெறும் கல்லுப் படுக்கை மட்டும் கிடந்தது. கொஞ்சத் தூரத்தில் திரும்ப வெளியே வருமாம். "எங்கயோ ஆற்றை விட்டிட்டு வந்திட்டம்" என்று இவர் பதறினார். ஆறு வந்து சேர்ந்த பிறகும் இவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. "இனிப் பலகைதான்" என்றார்.

பலகை வந்தது. இன்னொரு சின்ன ஆறு வந்து கலக்கிற இடம், மரப்பாலம், மஞ்சள் பலகைகள். இவர் பஸ் நெற்றியில் ஊர்ப்பெயரைப் பார்க்கிற மாதிரி நடந்தபடியே ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். "மியூல. இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

சேஷாத்ரி அண்ணை பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். பார்த்தார். பலகையைப் பார்த்தார். உறையை மூடினார். பின்னால் நடந்தார். நான் இதைக் கண்டேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

அந்தப் பாதை இன்னும் ஒடுங்கல், இன்னும் ஏற்றம். முக்கால் மணி நேரம் நடந்திருப்போம். றீற்றாவின் சப்பாத்து குதியைத் தின்றது. தண்ணீர் இல்லை, தொலைபேசியில் சிக்னல் இல்லை, பிள்ளைகளின் சத்தம் சிலமன் இல்லை. கடைசியில் ஒரு பழைய ஆலை வந்தது. வான் இல்லை. வான் நிற்கக்கூடிய இடமே இல்லை.

முன்னால் இருந்த மர வாங்கில் உட்கார்ந்து ஒரு வயதான சோடி அப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இவர் கேட்டார். அவர்கள் எங்களை நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இது பூர்க்மியூல, வேறு ஆலை. வூட்டாக்மியூலவுக்குப் பாலத்தடியில் மற்றப் பக்கம் போயிருக்க வேண்டும்.

இவர் அப்படியே நின்றார். சேஷாத்ரி அண்ணை மெதுவாக உறையைத் திறந்து மஞ்சள் கோட்டைக் காட்டினார். "ஆமாம் சார். அந்தப் பாலத்துலேந்து இடது பக்கம்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"பாலத்துலேயே."

"முக்கால் மணித்தியாலமா என்ர பின்னால வாயை மூடிக்கொண்டு பிழையான பாதையில வந்தனீங்களோ?"

சேஷாத்ரி அண்ணை உறையின் மூலையை நீவிக்கொண்டு நின்றார். "நான் பொண்ணோட அப்பா சார். முதல் நாளே நீங்க போற வழி தப்புன்னு எப்படிச் சொல்றது?"

இவருடைய காது சிவந்து வருவது எனக்குத் தெரிந்தது. வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வெடித்தார்தான்.

"அண்ணை, நான் டிபார்ட்மென்ட் ஒண்டும் இல்லை. நான் பஸ் ஓடுறன். இருபத்தெட்டு வருசம். ஒரு சந்தியில பிழையாத் திரும்பினால் பின் சீட்டில இருக்கிற கிழவி பொல்லால தட்டிக் கத்துவா. ஆரும் மரியாதை பார்க்கிறதில்லை. நீங்களும் கத்துங்கோ. கத்தாட்டி நான் எங்க போய் விழுறது?"

"பஸ் ஓட்டறேள்னு எனக்குக் காலம்பறவே தெரியும்" என்றார் அவர்.

நான் குனிந்து றீற்றாவின் சப்பாத்துக் கயிற்றை இறுக்கினேன்.

"நீங்க பிரேக் போட்ட இடத்துலல்லாம் அந்தப் பையன் போட்டிருந்தான்னா எனக்குத் தலை சுத்தியிருக்காது சார். மூணு மணி நேரம் ஆச்சு வயிறு அடங்கறதுக்கு. மாமியோட வடையைக் கையில வச்சுண்டு பெருமாளை வேண்டிண்டேன்."

வேதவல்லி அக்காதான் முதலில் சிரித்தா. பிறகு நான். வாங்கில் இருந்த கிழவர் என்ன என்று கேட்க, இவர் ஜெர்மனில் சொல்லத் தொடங்கி, நடுவில் தானே சிரித்து நிறுத்திவிட்டார்.

அவர்கள் எங்களுக்கு இரண்டு அப்பிளும் ஒரு போத்தல் தண்ணீரும் தந்து, திரும்பிப் போவதைவிட மேலே டெக்கிங்கன் என்கிற ஊருக்கு ஏறுவது சுகம் என்றார்கள். இந்த முறை சேஷாத்ரி அண்ணை முன்னால். இவர் பின்னால். "இடது. நேர. இதுல வழுக்கும், பாத்து" என்று அவர் கத்திக்கொண்டே போனார். அந்த மனுசனுக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று ஆர் நினைத்தது?

ஊர் எல்லையில் ஒரு பஸ் தரிப்பிடம். வாங்கில் நாலு பேரும் விழுந்தோம். சிக்னல் வந்தது. இவருடைய தொலைபேசியில் முப்பத்தொரு தவறிய அழைப்பு. சுலக்ஷன் அழுதிருக்கிறான், குரலில் தெரிந்தது. அரை மணி நேரத்தில் வருகிறேன் என்றான். வேதவல்லி அக்கா தோள்பையின் அடியிலிருந்து புளியோதரை டப்பாவை எடுத்தா. கையால் சாப்பிட்டோம்.

சாப்பிட்டுக்கொண்டே சேஷாத்ரி அண்ணை சொன்னார்: "கத்தச் சொன்னேளே சார், அதனால இதையும் சொல்லிடறேன். எனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலை. உங்களை இல்லை. ஒரே பொண்ணு. எனக்கு ஒண்ணுன்னா அவ வந்து சேர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளைப் பத்தித்தான் நான் தினமும் நினைச்சுக்கறேன்."

வேதவல்லி அக்கா டப்பாவை அவர் பக்கம் தள்ளி வைத்தா.

"எனக்கும் பிடிக்கேல்லை அண்ணை" என்றார் இவர். "உங்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டு எனக்குக் கடைசியாச் சொன்னவன்."

"எங்களுக்கா? எங்களுக்கு ஃப்ளைட்லேந்து இறங்கி லக்கேஜ் எடுக்கறச்சேதான் சொன்னா."

தேதியை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர்களுக்குச் சொன்னது சனிக்கிழமை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள். இவர் ஒரு மாதம் தக்காளியை மூழ்கடித்தது ஒரே ஒரு நாளுக்காக. அந்தப் பிள்ளையின் பேராசிரியருக்கு ஒன்றரை வருடமாகத் தெரியுமாம்.

அதற்குப் பிறகு கதை தானாக ஓடியது. சுகன்யா வந்து சேர ஆகிற அந்த ஒரு நாள் பற்றி இவர் நிறையக் கேட்டார். பிள்ளைகள் வருடத்தில் எத்தனை கிழமை திருச்சியில் நிற்பது, பக்கத்து வீட்டில் ஆர், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். தன் தகப்பன் போனபோது தான் போய்ச் சேர முடியாமல் போனதை இவர் சொன்னார். இதை எனக்கே இரண்டு தரம்தான் சொல்லியிருக்கிறார்.

வேதவல்லி அக்கா கையைக் கழுவிவிட்டு, "தை பொறந்ததும் எங்க ஊர்ல வச்சுக்கலாமா?" என்றா. வெங்காயத்தில் ஒரு சண்டை தொடங்கியது. சித்திரையில் பீலெஃபெல்டில் வரவேற்பு என்றால் அதில் வெங்காயம் என் பொறுப்பு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது வான் வந்து நின்றது. பிள்ளைகள் இரண்டும் பேயறைந்த முகத்தோடு ஓடிவந்தன.

"அப்பா, ஸாரிப்பா..."

சேஷாத்ரி அண்ணை கையை உயர்த்தினார். "இரும்மா. பெரியவா பேசிண்டிருக்கோம்."

"போய் வானுக்குள்ள இரு" என்று இவர் சுலக்ஷனுக்குச் சொன்னார். "கதைச்சு முடிய வாறம்."

பிள்ளைகள் வானுக்குள் இருபது நிமிடம் இருந்தார்கள்.

ஜூன் 17, செவ்வாய். பீலெஃபெல்ட்

வேலைக்குப் போனேன். படி இறங்கும்போது பின்பக்கமாக இறங்க வேண்டியிருக்கிறது. றீற்றா பார்த்துவிட்டு, எந்தச் சிகரம் என்று கேட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு விமானம் ஏறிவிட்டார்கள். போக முன்னம் வேதவல்லி அக்கா ஒரு புடவை அனுப்பியிருந்தா. பச்சை. என்ன பச்சை என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கத்தச் சொன்னது பிழையாகப் போய்விட்டது என்கிறார் இவர். சேஷாத்ரி அண்ணை தினமும் எடுக்கிறார். கார் நிறுத்தின படம் அனுப்பினால் கோணல் என்கிறார். மாத்திரை போட்டாச்சா என்கிறார். நேற்று அழைப்பிதழில் இவருடைய பெயருக்கு "சிறீ"யோ "ஸ்ரீ"யோ என்று நாற்பது நிமிடம் வாதம். இவர் வாதத்தை முடித்து வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அந்த மனுசனோட மாரடிக்க ஏலாது" என்றார். பத்து நிமிடத்தில் தானே திரும்ப எடுத்தார். ஏதோ சொல்ல மறந்துபோச்சாம்.

அக்டோபர் 11, சனி

இந்திய விசாவுக்குப் படம் எடுக்க நகரத்துக்குப் போனோம். எனக்கு ஒரே தடவையில் சரி. இவரை இருத்தினார்கள். படம் எடுக்கிற பிள்ளை, சிரிக்கக்கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்று முதலே சொன்னாள்.

முதல் படத்தில் சிரிப்பு. இரண்டாவதில் பல்லே தெரிந்தது. மூன்றாவதில் வாயை இறுக்கி மூடினார், கன்னம் இரண்டும் தன் பாட்டுக்கு ஏறி நின்றன. வெளியே வரிசையில் நாலு பேர்.

"பிரபா, ஏலாமல் இருக்கு" என்றார். "என்னை ஏதாவது ஏசுமன். அப்பத்தான் நிக்கும்."

நான் வாயைத் திறந்தேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, ஏசுவதற்கு ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.